நாடா ஏணியின் கடைசிப் படி

தையல் என்னுடையது. நூல் என்னுடையது. அன்றைக்கு ரேடியோவில் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, பாதிக் காதை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் தைத்தேன். அந்தப் பாதிக் காதுக்கு விலையாகப் போனதுதான் ராய்ஸின் முதுகெலும்பு.

ஆர்டிஸ் டோலஃப்சன் பத்தொன்பது நாளாக இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பல் துலக்கும்போது சொன்னாள், பனி விழுந்த கார்க் கண்ணாடியைச் சுரண்டும்போது சொன்னாள். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, தன் பொருள் களவுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தக் காலை வேளையிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஆர்டிஸ், நான் பேசறது காதுல விழுதா?" என்றார் ஆர்வில் பெக்காரெக்.

"விழுது. மூணு ஏறுகோல். மேல சொல்லுங்க."

ஆர்விலுக்கு எழுபது வயது, ஆறடி நாலங்குலம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முழங்கால் மேஜைக்கு மேலே தெரிந்தது. வில் வேட்டைக்காரர். பரண் கட்டாமல், இடுப்பில் சேணம் மாட்டிக்கொண்டு, மரத்தில் கட்டிய கயிற்றில் சாய்ந்து தொங்கியபடியே மான் பார்க்கிறவர்களில் ஒருவர். அப்படித் தொங்கப் போக முதலில் ஏற வேண்டும். அதற்குத்தான் ஏறுகோல். கை நீள அலுமினியக் கோல், இருபக்கமும் கால் வைக்கப் படி. கயிற்றால் மரத்தில் சுற்றி இறுக்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு கட்டினால் இருபதடிக்குப் போய்விடலாம்.

"நாலுல மூணு மரத்துலயே இருக்கும். செப்டம்பர்லேர்ந்து இருக்கு. கீழ்க்கோலை மட்டும் ஒவ்வொரு நாளும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவேன். எல்லாரும் பண்றதுதானே? அடியில படி இல்லன்னா எவன் ஏறுவான்?"

"ராக்கூன் ஏறும்" என்றான் கிளெம்.

கிளெம் வெசெலி ஆர்டிஸின் உதவியாள். முன்பு பால் லாரி ஓட்டியவன். முப்பத்தாறு வயது. வாயில் எப்போதும் ஒரு பாலாடைக்கட்டித் துண்டோ, ஒரு வேண்டாத பேச்சோ இருக்கும்.

"ராக்கூன் கோலைத் திருடாதுடா."

"எங்க வீட்டு ராக்கூனை நீங்க பாத்ததில்ல. போன வாரம் பீர்ப் பெட்டியத் திறந்துச்சு. நல்லவேளை, பிராண்டு பிடிக்கல, மூடிட்டுப் போயிடுச்சு."

ஆர்வில் அவனை விட்டுவிட்டு ஆர்டிஸைப் பார்த்தார். "இன்னும் ஒரு விஷயம். எறங்கறப்போ அந்த மூணு கோல் கயித்தையும் ஒரு சுத்து தளர்த்தி விட்டுட்டு வருவேன். மழையில மரம் ஊறுச்சுன்னா கயிறு பட்டையைக் கடிச்சிக்கும். மறுபடி ஏறறப்போ ஒவ்வொண்ணா இறுக்கிக்கிட்டே போவேன். நாப்பது வருஷப் பழக்கம். அதனால கழட்டறவனுக்கு ரொம்ப சுலபமாப் போயிருக்கும்."

"எப்ப காணாமப் போச்சு?"

"யாருக்குத் தெரியும்? கண் ஆபரேஷனுக்கு டுலூத்துல மக வீட்டுக்குப் போனவன் முந்தாநேத்துதான் வந்தேன். இன்னிக்கு விடிஞ்சதும் போய்ப் பாக்கறேன், மரம் மொட்டையா நிக்குது. ஷெரிஃப்கிட்ட சொன்னா சிரிப்பான். அதான் உன்கிட்ட வந்தேன்."

இருபது வருடம் வனக் காவல் வேலை பார்த்தவள் ஆர்டிஸ். விட்ட பிறகு ஊர்க்காரர்களின் சின்னச் சின்ன வழக்குகளைப் பார்த்துக்கொடுத்தாள். காணாமல் போன கிடேரி, நகர்த்தி வைத்த வேலி, மரத்தில் கட்டிய கேமராவை யார் கழற்றினார்கள் என்பது மாதிரி. மற்ற நேரத்தில் தையல். கோலுக்கும் கோலுக்கும் நடுவில் கால் எட்டாத இடத்துக்கென்று, கோலின் அடியிலிருந்து தொங்கும்படி கெட்டி நாடாவில் மூன்று வளையம் வைத்து ஏணி தைத்தாள். அந்த மாவட்டத்தில் சேணம் கட்டுகிற அத்தனை பேரும் அவள் தையலை மிதித்துத்தான் மேலே போனார்கள்.

ராய்ஸ் விழுந்த மறுநாள் அவள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து எல்லா நாடா ஏணிகளையும் திரும்ப வாங்கிவிட்டாள். அறை மூலையில் தையல் மெஷின்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தாள். பக்கத்து அட்டைப்பெட்டியில் அவை சுருண்டு கிடந்தன. அந்தப் பக்கம் அவள் பார்ப்பதேயில்லை.

"மரம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"பாஸ்வுட் மேட்டுல. ஊத்துக்கு மேல, ரெண்டாப் பிரிஞ்சு போற வெள்ளை ஓக்கு."

கிளெம் மெல்வதை நிறுத்தினான்.

ஆர்டிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். ஷெரிஃப் ஆபீஸ் அறிக்கையில் அவள் படித்த வரி அது. ஊற்றுக்கு மேல், இரண்டாகப் பிரியும் வெள்ளை ஓக். நாடா ஏணியின் அடி வளையம் அறுந்தது, விழுந்தவர் ராய்ஸ் ஹாகன், வயது நாற்பத்தொன்பது.

"ஆர்வில், அந்த மரத்தடியிலதான் ராய்ஸ் விழுந்து கிடந்தான்."

"ராய்ஸா?" ஆர்விலின் பெரிய கைகள் தொப்பியைச் சுருட்டின. "மேட்டுல எங்கேயோ விழுந்தான்னுதான் போன்ல யாரோ சொன்னாங்க. என் மரத்துலயா? ராய்ஸ் அப்படிப் பண்ண மாட்டானே. புதுசா வர்றவனுக்கெல்லாம் அவன் சொல்லித் தர்ற முதல் பாடமே, அடுத்தவன் கட்டின கோல்ல கால் வைக்காதேங்கறதுதானே."

அவர் போன பிறகு கிளெம் லாரிச் சாவியை எடுத்தான். ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை.

"பாஸ், ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க இந்தக் குத்த உணர்ச்சிய மீந்துபோன ஹாட்டிஷ் சாப்பாடு மாதிரி வச்சிருக்கீங்க. தினம் சூடு பண்றீங்க, தினம் சாப்பிடறீங்க. மூணு வாரமாச்சு, கெட்டுப் போயிருக்கும். வாங்க, மரத்தைப் பாத்துட்டு வரலாம்."

"நான் அங்க இதுவரைக்கும் போகல, கிளெம்."

"தெரியும். அதனாலதான் சாவிய நான் எடுத்தேன்."

மேட்டில் இலைகள் முழங்கால் அளவு கிடந்தன. ஓக் மரம் சரிவின் விளிம்பில் தனியாக நின்றது. ஆர்டிஸ் ஒரு பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள். தான் ஒருவனை ஊனமாக்கிய இடத்தைப் பார்ப்பதற்கு என்ன முகபாவம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இலை மூடிய தரை மற்ற எந்தத் தரையையும் போலத்தான் இருந்தது. அது அவளுக்குக் கோபமூட்டியது.

"பாஸ், மரத்துல நாலு தழும்பு" என்றான் கிளெம், அண்ணாந்தபடி. "நாலு கோல் கட்டின இடம். ஆர்வில் மூணுன்னாரு."

அவள் கிட்டே போனாள். வேலைப் பழக்கம் கால்களை இழுத்துப்போனது. மேலே மூன்று தழும்புகளிலும் பட்டை மழமழவென்று தேய்ந்து, பாசி போயிருந்தது. கீழே இருந்தது வேறு மாதிரி. பட்டையில் கோலின் இரண்டு பல் பதிந்த வடு மட்டும்.

"மேல இருக்கறது ஒரு சீசன் தழும்பு" என்றாள். "கீழ இருக்கறது ஒரு நாள் தழும்பு."

"அப்படின்னா?"

"மேல மூணும் ஆர்விலோடது. கீழ்க்கோல் மட்டும் ராய்ஸோடது." சொல்லும்போதே குரல் இறங்கியது. "ஷெரிஃப் ஆளுங்க நாலையும் ராய்ஸோடதுன்னு நெனச்சு அவிழ்த்து அவன் வீட்டுல குடுத்திருக்காங்க. அவங்கெல்லாம் துப்பாக்கி வேட்டைக்காரங்க. ஏணி வச்சுப் பரண்ல ஏறறவங்க. கோல் யாரோடதுன்னு பாக்கத் தோணியிருக்காது."

"வழி தவறி ஏறிட்டானோ? பாவம், இருட்டு..."

"மத்தியானம் மூணு மணி. அதோட, தவறி ஏறினவன் நாலு கோல் கொண்டு வந்திருப்பான். இவன் சரியா ஒண்ணே ஒண்ணு கொண்டு வந்திருக்கான். அடியில படி இருக்காதுன்னு தெரிஞ்சு, வீட்டுலேயே எண்ணி எடுத்துட்டுக் கிளம்பியிருக்கான்."

கிளெம் சீட்டியடித்தான். "பாடம் எடுக்கற வாத்தியாரு!"

ஆர்டிஸுக்கு உள்ளே ஏதோ லேசாக அசைந்தது. உடனே அதை அமுக்கினாள். அவன் யார் மரத்தில் ஏறினால் என்ன? அறுந்தது என் நாடா.

"நான் மேல போகணும்" என்றாள்.

கிளெம் லாரியிலிருந்து அவளுடைய கோல்களைத் தூக்கி வந்தான். நாலு கோல், நாலிலும் தொங்கும் நாடா ஏணிகள், எல்லாம் அவளே தைத்தவை. ஊர் முழுக்கத் திரும்ப வாங்கியவள் தன்னுடையதை மட்டும் லாரியிலேயே விட்டு வைத்திருந்தாள். தூக்கிப்போட மனமில்லை, தொடவும் மனமில்லை.

"வேற ஏதாவது வழியில பாக்கலாமே பாஸ். மனுஷன் மரத்துலேர்ந்து எறங்கி வர லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு. திரும்ப ஏறறீங்க. அங்க ஏதாவது மறந்து வச்சிட்டோமா?"

"வாயை மூடிட்டுக் கீழ நில்லு."

"சரி. விழுந்தா எந்தப் பக்கம்னு முன்கூட்டியே சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் நிக்காம இருக்கேன்."

இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றி வீசிக் கொக்கியில் மாட்டினாள். முதல் கோலைக் கைக்கு எட்டிய உயரத்தில் வைத்துச் சுற்றி இறுக்கினாள். நாடா ஏணி ஆடிக்கொண்டு தொங்கியது. அடி வளையம் முழங்காலுக்குக் கீழே. அதில் காலை விட்டாள்.

எடையைப் போட முடியவில்லை.

ஒரு காலை வளையத்தில் வைத்தபடி, நெற்றியைப் பட்டையில் முட்டி நின்றாள். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று தையல்கள் மனதில் ஓடின. ராய்ஸ் இதே இடத்தில் இப்படி யோசித்திருக்க மாட்டான். என்னை நம்பிக் கால் வைத்திருப்பான். அந்த நினைப்புதான் கடைசியில் அவளை ஏற்றியது. அவனுக்குக் கிடைக்காத பயம் எனக்கு மட்டும் சலுகையா என்று தோன்றியது. எடையைப் போட்டாள். நாடா முனகியது, பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வளையம், மூன்றாவது, கோலின் படி. இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு அடுத்த கோலை எடுத்தாள். கை மறக்கவில்லை. ஆர்விலின் தழும்புகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தன. கொக்குக் கால்காரர் வைத்த படிகள். அவளுக்கு ஒவ்வொரு இடைவெளிக்கும் நாடா ஏணி தேவைப்பட்டது. ராய்ஸ் அவளைவிட ஓரங்குலம் குட்டை. அவனிடம் இருந்தது அடிக்கோலில் கட்டிய ஒன்றே ஒன்று. மீதி தூரத்தைக் கால் எட்டாமல், கையால் எக்கி எக்கித்தான் ஏறியிருப்பான்.

நிலத்திலிருந்து பதினாலடியில், ஆர்விலின் இரண்டாவது கோல் இருந்த இடத்துக்கு வந்தாள். அடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது.

அந்தத் தழும்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தேய்ந்த பட்டையிலிருந்து கீழ்நோக்கி ஒரு முழ நீளத்துக்குப் புதிதாக உரிந்த கோடு. கோல் இடத்தை விட்டு வழுக்கியிருக்கிறது. அதற்குச் சற்று மேலே தொடை கனத்தில் ஒரு கிளை. அதைத் தாண்ட வேண்டுமென்றால் இடுப்புக் கயிற்றை ஒரு நிமிடம் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

தளர்த்திவிட்ட கயிறு. இறுக்கிப் பார்க்காமல் மிதித்த கால். அவிழ்த்த இடுப்புக் கயிறு. அவ்வளவுதான்.

காற்று அடித்தது. ஆர்டிஸ் மரத்தைக் கட்டிக்கொண்டாள். மனம் லேசாகிவிடுமோ என்று பயந்தாள். ஆகவில்லை. நாடா அறுந்திருக்கிறதே, அதை அவள் கண்ணால் பார்த்தாளே. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

மேலிருந்து ஒவ்வொரு கோலாகக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் கோலுக்கு வந்து, தரையில் கால் வைத்து, பார்த்ததைச் சொன்னாள்.

"அப்ப கேஸ் முடிஞ்சுது!" கிளெம் கைதட்டினான். "ஆர்வில் வேணும்னே தளர்த்தி வச்சாரு. ராய்ஸ் விழுந்தான். இவரு வந்து பாத்தாரு, பயந்தாரு, நாடாவை அறுத்து உங்க தலையில கட்டிட்டாரு."

"ஆர்வில் டுலூத்துல இருந்தார். அதோட, அவர் வந்திருந்தா முதல்ல தன்னோட மூணு கோலையும் எடுத்துட்டுப் போயிருப்பார். இப்ப வந்து காணோம்னு தேடுவாரா?"

"அதுவும் சரிதான்." கிளெம் தலையைச் சொறிந்தான். "ஆமா, அறுந்தது எந்த வளையம்?"

"கடைசி. அடியில இருக்கறது."

"அதுவா?" மரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நாடா ஏணியைப் பார்த்தான். "பாஸ், இது என் முழங்கால் உயரம்கூட இல்ல. இதுலேர்ந்து விழுந்தா கோழிக்குக்கூட சுளுக்காதே."

ஆர்டிஸ் குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தாள். இருபது வருடம் மரத்தடிகளைப் படித்தவள். யாராவது வந்து இந்த வழக்கைச் சொல்லியிருந்தால் அவள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும். பத்தொன்பது நாளாக அந்தக் கேள்வி அவளுக்கு வரவில்லை. ஷெரிஃப் ஆள் கையில் கொடுத்த நாடாவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் காப்பி டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். எடை தாங்காமல் பிய்ந்த நாடா பஞ்சாக விரியும். அது விரியவில்லை. ஓரம் கத்தரித்த மாதிரி இருந்தது. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை.

"இப்படி விழுந்திருப்பானோ?" கிளெம் தொப்பியை எறிந்துவிட்டு மரத்தடி இலைக் குவியலில் மல்லாந்து சரிந்தான். "ஐயோ, அம்மா! என் இடுப்பு! யாராவது பொரிச்ச மீன் ஒரு பிளேட் வாங்கிட்டு வாங்க!" ஒரு கையை நாடகமாக மேலே தூக்கினான். விரல்கள் நாடாவின் அடி வளையத்தில் போய் மாட்டிக்கொண்டன.

"அசையாதே" என்றாள் ஆர்டிஸ்.

"என்ன பாஸ், பாம்பா?"

"ரெண்டாவது வளையத்தைத் தொடு."

கிளெம் எக்கினான். முதுகைத் தரையிலிருந்து தூக்காமல் அவனால் தொட முடியவில்லை. "எட்டல. எழுந்திருக்கட்டுமா?"

"எழுந்திருக்க முடியாதவனுக்கு எட்டாது" என்றாள், யாருக்கோ சொல்வதைப் போல. பிறகு கோலைக் கழற்றத் தொடங்கினாள்.

ராய்ஸின் வீட்டுக் கதவை அவன் மனைவி நோரீன் திறந்தாள். ஆர்டிஸின் முப்பது வருட சிநேகிதி. அவர்கள் இருவருடைய பாத்திரங்களும் எது யாருடையது என்று தெரியாமல் இரண்டு வீட்டு அலமாரியிலும் கலந்து கிடந்தன. ராய்ஸ் விழுந்த அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நோரீன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"உள்ள வா" என்றாள் இப்போது, முகத்தைப் பார்க்காமல். "அவர் முழிச்சுத்தான் இருக்கார்."

கிளெம் முதலில் கொட்டகைக்குப் போய்விட்டு வந்தான். ஆர்டிஸின் காதருகே, "மூணுலயும் ஆர்விலோட முதலெழுத்து. சூட்டுக்கோலால போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு, "நோரீன், உருளைக்கிழங்கு உரிக்கணுமா? நான் பால் லாரி ஓட்டின காலத்துல ராணுவத்துக்கே உரிச்சிருக்கேன்" என்றபடி சமையலறைக்குள் நுழைந்தான். அப்படி ஒரு ராணுவம் எங்கும் இருந்ததில்லை.

முன்னறையில் ஜன்னல் பக்கமாக ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது. ராய்ஸ் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தான். நீலக் கண்கள் மட்டும் பழையபடி இருந்தன.

"வா ஆர்டிஸ். உக்காரு. வசந்தத்துக்குள்ள நிக்க வச்சிடலாங்கறார் டாக்டர். நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே."

அவள் உட்காரவில்லை. "ராய்ஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விழுந்தப்போ எந்தக் கை மரத்துப் பக்கம் இருந்துச்சு?"

"ஞாபகமில்ல."

"எந்தப் பாக்கெட்ல கத்தி வச்சிருப்பே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே, தீவனத் தட்டில் சிட்டுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நாடாவை அறுத்தவன் கீழே படுத்திருந்தவன்" என்றாள் ஆர்டிஸ், தாழ்ந்த குரலில். "நின்னுக்கிட்டு அறுக்கறவன் மேல் வளையத்தை அறுப்பான். அதுலேர்ந்து விழுந்தான்னாவது கொஞ்சம் நம்பலாம். படுத்திருந்தவனுக்குக் கடைசி வளையம் மட்டும்தான் எட்டும்."

சமையலறையில் கிளெம் நோரீனிடம் ஏதோ சொல்வது கேட்டது.

"பத்துக் கிளைக் கொம்பு மான் கெடா" என்றான் ராய்ஸ் கடைசியில். "ஒரு வாரமா அந்த ஓக்கு அடியிலதான் சுத்திட்டிருந்துச்சு. ஆர்வில் ஊர்ல இல்ல. ஒரே ஒரு சாயங்காலம்னு நெனச்சேன். அவர் கயித்தைத் தளர்த்தி வைப்பாருன்னு எனக்குத் தெரியும் ஆர்டிஸ். அவர்கூட எத்தனை தடவை போயிருக்கேன். அவரோட முதல் கோலை இறுக்கினேன். ரெண்டாவதுக்குப் போறப்போ கெடா சத்தம் கேட்டுச்சு. இறுக்கல."

"அப்புறம்?"

"முதுகு போன சத்தம் எனக்கே கேட்டுச்சு. காலு இருக்கா இல்லையான்னு தெரியல. அந்த நேரத்துல என்ன தோணிச்சு தெரியுமா? யார் வந்து பாத்தாலும், மேல இருக்கற கோல்ல ஆர்வில் பேரு இருக்குமே, அதான். ஏன் விழுந்தான்னு தேட ஆரம்பிச்சா மேல பாப்பாங்க. தேடறதுக்கு இடம் வைக்கக் கூடாதுன்னு தோணிச்சு. கையில எட்டினது உன் நாடா."

"அது என் நாடான்னு ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "கை தவறறது எல்லாருக்கும் உள்ளதுதானே, உன்னை ஊர் மன்னிச்சிடும்னு நெனச்சேன். என்னை மன்னிக்காது."

முதலில் வந்தது நிம்மதிதான். மார்புக்குள் ஒரு கட்டு அவிழ்ந்து, மூச்சு அடிவயிறுவரை போனது. அடுத்த கணமே அவளுக்கு வெட்கமாயிற்று. எழ முடியாத ஒருவன் தலைமாட்டில் நின்று, என் தையல் நல்ல தையல் என்று மகிழ்கிறேனே. அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதுதான் மோசமானது. முதல் நாளே மரத்தடிக்குப் போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். குற்றவாளியாக இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. போய்ப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தச் சுலபத்தில் ராய்ஸும் சுகமாகப் படுத்துக்கொண்டுவிட்டான்.

"ஆர்டிஸ்." அவன் விரல்கள் போர்வைமேல் நகர்ந்தன. "இதை இப்படியே விட்டுடு. நீ திடமானவ. இன்னும் ஒரு வருஷத்துல யாரும் இதைப் பேச மாட்டாங்க. எனக்கு இந்த உடம்புல மிச்சம் இருக்கறது பேரு ஒண்ணுதான். வில் வேட்டைச் சங்கத்துல என் பேச்சைக் கேட்டு வளந்தவங்க இருக்காங்க. நோரீனுக்குக்கூடத் தெரியாது. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது. பத்தொன்பது நாள் பழகிய வேலை. இன்னும் கொஞ்ச நாள் செய்தால் உயிர் போய்விடாது. அவனைப் பார்த்தாள். முகம் மெலிந்து, கன்னத்தில் மழிக்காத நரை முளைத்திருந்தது. சரி என்று சொல்ல வாய் கிட்டத்தட்டத் திறந்துவிட்டது.

நோரீன் வந்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்து, ஆர்டிஸுக்கு நேர் எதிரே நின்றாள். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள். அவள் பின்னால் கிளெம் உருளைக்கிழங்கும் கையுமாக நின்றான்.

"ஆர்டிஸ், நான் பேசிடறேன். நடுவுல எதுவும் சொல்லாதே, சொன்னா எனக்கு அழுகை வந்துடும்." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தினம் காலைல உன்னைத் திட்டிக்கிட்டே எழுந்திரிச்சேன். பாஸ்டர் வந்து மன்னிச்சிடுன்னார், அவரையே வெளியே போங்கன்னுட்டேன். ஆனா இப்படியே இருந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன். இன்னிக்குக் காலைல மாவு பிசைஞ்சுக்கிட்டே முடிவு பண்ணிட்டேன். உன்னை மன்னிச்சிட்டேன், ஆர்டிஸ். நிஜமாத்தான். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும் எனக்கு."

கட்டிலிலிருந்து ராய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் கெஞ்சின. மனைவியை விட்டு ஆர்டிஸிடம் வந்தன, மறுபடி மனைவியிடம் போயின.

நோரீன் இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டில் மாவு காய்ந்திருந்தது. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்று ஆர்டிஸ் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! இப்போது அவை வந்துவிட்டன, ஒரு வார்த்தைத் தூரத்தில்.

கட்டிலோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆர்டிஸ்? மன்னிப்பைக் கூடவா வேண்டாங்கறே?"

"வேண்டாம், நோரீன்" என்றாள் ஆர்டிஸ் மெதுவாக. "அது எனக்குச் சேர வேண்டியதில்ல."